பின்னுக்குப் போகிற பட்டன்

நான் முதன்முதலாக எழுதிய கைத்தொலைபேசிச் செயலி, ஒரு தாயிடம் அவருடைய பிள்ளைகளின் பெயர்களை ஒரே நாளில் மூன்று தடவை கேட்டது. அது நடந்த நேரத்தில் நான் மட்டக்களப்பு நகரில் அலுவலக மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மை எனக்குத் தெரியவர ஐந்து வாரங்கள் பிடித்தன.

சுனாமி வந்தபோது நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணினி படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் ஆண்டு. எங்கள் வீடு வாழைச்சேனையில், கடலைவிட்டு உள்ளே தள்ளி. எங்கள் வாசலுக்குத் தண்ணீர் வரவில்லை. வளாகத்தை மூடிவிட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிற மாணவர்களை, முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் எழுத அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது கல்லடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இல்லை. இதை மேசைமேல் விரித்த தாளில் வரிசையாக எழுத வேண்டும்.

அங்கே மனைவியை இழந்த ஒரு மீனவர் இருந்தார். அவர் முறை வந்ததும் நின்றபடியே சொன்னார்.

“தங்கச்சி, நேத்து வந்தவங்களுக்கும் இதைத்தான் சொன்னன். அதுக்கு முதல் வந்தவங்களுக்கும் இதைத்தான் சொன்னன். நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு கொப்பியில எழுத ஏலாதா?”

நான் அடுத்த வரியில் பேனையை வைத்தேன். அவர் மனைவியின் பெயரைச் சொல்லி, வயதைச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் பெய்த மழையில் ஓட்டுக் கூரை ஒழுகி, என்னுடைய தாள்களில் பாதி மை ஊறிப் போயிற்று. அடுத்த நாள் அவரைத் தேடிப் போய் மறுபடி கேட்டேன். அவர் மறுபடி சொன்னார்.

கணினியில் பதிந்தால் இப்படி ஆகாது என்று அன்று நினைத்தேன். இருபத்தொரு வயதில் அப்படித்தான் தோன்றும்.

படித்து முடித்துச் சில வருடங்கள் கழித்து, வீடுகள் கட்டிக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. போர் முடிந்த வருடம் அது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஓடிப்போயிருந்த சனங்கள் ஊர்களுக்குத் திரும்பியிருந்தார்கள். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. யாருக்கு முதலில் வீடு என்று முடிவுசெய்ய, குடும்பம் குடும்பமாக விபரம் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றே கூப்பிடுவோம். தாளில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றி, அதில் வரும் பிழைகளைத் திருத்தி அவர் அலுத்துப்போயிருந்தார். தொலைபேசியிலேயே பதிய முடியுமா என்று என்னிடம் கேட்டார். முடியும் என்றேன்.

பன்னிரண்டு தொலைபேசிகள் வந்தன. இன்றைக்கு இருப்பதுபோல முகம் முழுக்கக் கண்ணாடி உள்ளவை அல்ல. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய திரை, அதற்குக் கீழே எண் பட்டன்கள், திரைக்கும் எண்களுக்கும் இடையில் இரண்டு நீளப் பட்டன்கள். வலதுபக்கத்தை ‘அடுத்து’ என்றும் இடதுபக்கத்தைப் ‘பின்’ என்றும் வைத்தேன். அந்தத் தொலைபேசிகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் கணினியில் தட்டச்சுச் செய்து, சின்னப் படமாக்கி, திரையில் ஒட்டினேன். பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி, மொத்தம் இருபத்தாறு கேள்விகள். குடும்பத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் அவற்றில் ஒன்பது திரும்பத் திரும்ப வரும்.

கணினியில் போட்டுப் பார்த்தபோது அழகாக ஓடியது. உண்மையான தொலைபேசியில் ஏற்றினால் நாலாவது ஆள் வரும்போது உறைந்து நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. அடுத்த திரையைத் திறக்கும்போது முந்தைய திரையை நான் மூடவில்லை. கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலத் திரைகள் அடியில் கிடந்தன, படங்களோடு, பதில்களோடு. அவ்வளவையும் தாங்க அந்தத் தொலைபேசிக்கு நினைவகம் போதாது.

நான் சுலபமான வழியைப் பிடித்தேன். பதிலைக் கோப்பில் எழுதிவிட்டு, திரையை விட்டு நீங்கியதும் அதை எறிந்துவிடு. ‘பின்’ அமத்தினால் அந்தத் திரையைப் புதிதாக உருவாக்கு. புதிதாக உருவாகும் திரை வெறுமையாக வரும், அந்த வெறுமை பழைய பதிலுக்கு மேலேயே எழுதப்பட்டுவிடும். அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. சேரிடமும் சொன்னேன்.

“பின்னுக்குப் போனா அந்தப் பதில் அழிஞ்சிரும் சேர். ஆனா பின்னுக்குப் போக வேண்டி வராது. கேள்வியெல்லாம் வரிசையாத்தானே இரிக்கு.”

“வரிசையாக் கேட்டா வரிசையாச் சொல்லுவாங்க தானே” என்றார் சேர்.

விபரம் எடுக்கிற பெண்கள் ஆறு பேர். அவர்களில் மூத்தவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அக்கா. நாற்பது வயதிருக்கும். கறுப்புக் குடையும் தோளில் ஒரு பெரிய துணிப்பையுமாக வருவார். சுனாமிக்குப் பிறகு தொடங்கி அதே வேலைதான், வேறு வேறு நிறுவனங்களுக்கு. ஒரு வீட்டு முற்றத்தில் எங்கே உட்கார்ந்தால் கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் வெயில் படாது என்று அவருக்குத் தெரியும். பயிற்சி நாளில், பத்து நிமிடம் ஆகவில்லை, அவர் ‘பின்’ பட்டனை அமத்தினார். திரை வெறுமையாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“இது மறந்து போச்சே புள்ள.”

“பின்னுக்குப் போகாதீங்க அக்கா. முன்னுக்கு மட்டும் போங்க.”

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தொலைபேசியைப் பைக்குள் வைத்தார்.

ஐந்து வாரம் பதிவுகள் வந்தன. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசிகளைக் கணினியில் இணைத்து எடுப்பேன். அக்காவின் தொலைபேசியிலிருந்து வந்தவைதான் எல்லாவற்றிலும் சுத்தம். ஒரு வயதுகூடத் தவறாக இருக்காது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் சேர் என்னைப் பாராட்டினார். அவர்கள் தொலைபேசியைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆறாவது வாரம் ஒரு சந்தேகம் வந்தது. ஒவ்வொரு பதிவோடும் அது எழுதப்பட்ட நேரத்தைச் செயலி தானாகக் குறித்துவைக்கும். வேறெதற்கோ அந்த நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பதிவுகள் எல்லாமே பின்னேரம் ஐந்துக்குப் பிறகு. ஒரு குடும்பத்துக்கு எட்டு நிமிடம், அடுத்ததற்கு ஏழு. ஒரு வீட்டில் போய் உட்கார்ந்து பேசி எழுத ஒரு மணி நேரமாவது வேண்டும். பின்னேரம் ஐந்துக்குப் பிறகு படுவான்கரையில் எந்தப் பெண்ணும் வீடு வீடாகப் போவதில்லை.

அக்கா வீட்டிலிருந்தபடியே பொய்யாக எழுதுகிறார் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. சேரிடம் சொல்லவில்லை. அக்காவிடம் போய், நாளைக்கு நானும் கூட வருகிறேன் என்றேன்.

“வா புள்ள” என்றார். “தொப்பி எடுத்துக்கொண்டு வா. அங்க மரமில்ல.”

காலைப் பஸ்ஸில் களுவாஞ்சிகுடிக்குப் போய், அங்கிருந்து ஆட்டோவில் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோம். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். அக்கா இறங்குவதற்கு முன்பே தொலைபேசியை அணைத்து, பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, மூன்றையும் தனித்தனியாகக் கையில் வைத்துக்கொண்டார். ஓடுகிற தொலைபேசி குண்டை வெடிக்க வைக்கலாம் என்ற பயம் சாவடிகளில் இன்னும் போகவில்லை; கழற்றியதைப் பார்த்த இராணுவத்தினர் கேள்வி கேட்கவில்லை. தாண்டியதும் மறுபடி பூட்டினார்.

“எப்பவும் இப்படியா அக்கா?”

“எப்பவும்தான். ஒரு நாளைக்கு நாலு தரம், அஞ்சு தரம்.”

என் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைக் கழற்றினால் என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

வெல்லாவெளியில் இறங்கி, அறுவடை முடிந்த வயல் வட்டையின் வரம்பில் அரைமணி நேரம் நடந்தோம். கூடார விரிப்பைக் கூரையாகப் போட்ட ஒரு குடிசை. மண் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த கை, எண்ணெய் வைத்து இறுக்கக் கட்டிய கொண்டை.

“வாகா, வாகா” என்று அக்காவைக் கூப்பிட்டார். என்னைப் பார்த்ததும் ஒரு பாயை எடுத்து உதறி விரித்தார்.

அக்கா பாயில் உட்கார்ந்து பையைத் திறந்தார். தொலைபேசி வெளியே வரவில்லை. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்தார். நடுவில் ஒரு பக்கத்தில் காகிதக் கவ்வி போட்டிருந்தது. கோடுபோட்ட தாளில் என்னுடைய இருபத்தாறு கேள்விகளுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதியிருந்தார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லா வீடுகளும் அதில் இருந்தன.

“அக்கா, இது என்னத்துக்கு?”

அவர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா, “நீங்க கதைச்சுக்கொண்டிரிங்க, நான் தேத்தண்ணி போடுறன்” என்று அடுப்படிக்குப் போனார். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“முதல் நாள் போனோட வந்தது இந்த வீட்டுக்குத்தான். இவக்கு நாலு பிள்ளை. நாலு பேர்ட பேரையும் பிறந்த வருசத்தையும் அடிச்சு முடிச்சாப்புறகு, மூத்தவன்ட பிறந்த வருசம் பிழை எண்டாங்க. பின்னுக்குக் கிறுகினன். நாலும் போயிட்டு. முதல்ல இருந்து கேட்டன். சொன்னாங்க. ரெண்டாம் தரம் மூணாவது பிள்ளையில நிக்கக்குள்ள போன் அடிச்சது. எடுத்துக் கதைச்சிட்டு வந்து பார்த்தா, முதலாம் கேள்வியில நிக்குது.”

“ஆரு எடுத்த?”

“நீதான் எடுத்த நீ. போன் நல்லா வேலை செய்யுதா எண்டு கேட்ட நீ.”

அந்த அழைப்பு எனக்கு நினைவிருந்தது. நல்லா வேலை செய்யுது புள்ள என்று அவர் சொன்னதும் நினைவிருந்தது.

“மூணாம் தரமும் கேட்டன்” என்றார் அக்கா. “ரெண்டாவது பிள்ளை பொம்புளப் பிள்ளை. ஓடிவரக்குள்ள வழியில செத்துப்போச்சு. அந்தப் பேர் வந்ததும், உலையைப் பார்த்திட்டு வாறன் எண்டு எழும்பிப் போனாங்க. அரைமணித்தியாலம் வரல்ல. நான் இதிலயே இருந்தன். அண்டைக்குப் பின்னேரம் கடைக்குப் போய்க் கொப்பி வாங்கினன்.”

பகலில் கொப்பியில் எழுதுவது, வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு, பின்னுக்குப் போகாமல் தொலைபேசியில் ஏற்றுவது. அதனால்தான் எட்டு நிமிடம். அதனால்தான் ஒரு பிழைகூட இல்லை. மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் அவரைப் பார்த்துக் கொப்பி வாங்கியிருந்தார்கள்.

“என்னிட்ட ஏன் சொல்லல்ல அக்கா?”

“சொன்னன் தானே, பயிற்சியில. மறந்து போச்செண்டு சொன்னன். முன்னுக்குப் போகச் சொன்ன நீ.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. “போன் சரியில்லையெண்டு திருப்பி வாங்கிட்டா, ஆறு பேரும் வீட்ட போகணும். பாதி வீடுதான் முடிஞ்சிரிக்கு. மறுகா ஆரும் புதுசா வந்து இவங்களிட்ட முதல்ல இருந்து கேப்பாங்க.”

அந்த அம்மா தேத்தண்ணியும் ஒரு சிரட்டையில் சீனியும் கொண்டுவந்து வைத்தார். அன்று அக்கா அங்கே வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பதிவும் அதுபோன்ற இன்னும் சிலவும் முடியாமல் கிடந்தன. பதினோராவது கேள்வி: இவர் இப்போது எங்கே இருக்கிறார்? வீட்டில், வேறு இடத்தில், இறந்துவிட்டார் என்று மூன்று பதில்கள் கொடுத்திருந்தேன். வேறு இடம் என்றால் அடுத்த திரையில் முகவரி கேட்கும். முகவரி எழுதாவிட்டால் ‘அடுத்து’ வேலை செய்யாது. அப்படிக் கட்டாயமாக்கியதும் நான்தான். விபரம் முழுமையாக வர வேண்டும் என்பதற்காகச் செய்தது.

மூத்த மகன் வன்னிக்குப் போனவன். போர் முடிந்து ஐந்து மாதம் ஆகியும் அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

“எங்க எண்டு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க குந்திக்கொண்டு இரிக்கன்?” என்றார் அந்த அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். “நீங்கதான் இதைச் செஞ்சதா மகள்?”

“ஓம் அம்மா.”

“ஒருக்காக் காட்டுங்க பாப்பம்.”

தொலைபேசியை அவர் கையில் கொடுத்தேன். திரையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, மூன்று பதில்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இது மூணும் இல்ல மகள். ஒண்டையும் அமத்தவும் வேணாம். அவனை வெட்டவும் வேணாம். அவன்ட இடத்தை அப்படியே விட்டு வையுங்க.”

செய்கிறேன் என்றேன். எப்படிச் செய்வது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் அக்காவைச் சந்தேகப்பட்டது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். “வரிசையாச் சொல்லுவாங்க எண்டு நானும்தானே சொன்ன” என்றார். அவருக்குப் பெரிய தயக்கம் பதினோராவது கேள்வியில்தான். முழுமையில்லாத பதிவைக் கொழும்பு ஏற்காது. முழுமையில்லாவிட்டால் வீட்டுப் பட்டியலில் பெயர் வராது. நாலாவது பதிலாக ‘இன்னும் தெரியாது’ என்று ஒன்றைச் சேர்த்து, அதை முழுமையான பதிலாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போம் என்றேன். அவர் ஒரு வாரம் கொழும்போடு பேசினார். இப்படி எத்தனை குடும்பம் என்று அங்கிருந்து கேட்டார்கள். அக்கா கொப்பியைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

செயலியை அடியிலிருந்து திரும்ப எழுத மூன்று வாரங்கள் எடுத்தன. அதுவரை ஒவ்வொரு திரையும் தன்னுடைய பதிலைத் தானே வைத்திருந்தது. திரை போனால் பதிலும் போகும். இப்போது பதில்களைத் திரைகளிடமிருந்து பிரித்தேன். குடும்பத்துக்கு ஒரு பதிவு. அது தனியாக இருக்கும். திரை வந்ததும் பதிவைப் பார்த்துத் தன்னை நிரப்பிக்கொள்ளும், பதில் மாறினால் பதிவில் எழுதும், போகும்போது எதையும் எடுத்துக்கொண்டு போகாது. ‘பின்’ அமத்தினால் எங்கே போக வேண்டும் என்பதற்குப் பழைய திரைகளை அடுக்கிவைக்கத் தேவையில்லை, அவற்றின் எண்கள் போதும். எண்களின் பட்டியலுக்கு இடமே பிடிக்காது. ஒவ்வொரு பதிலும் அமத்திய அந்த நொடியே தொலைபேசியின் சேமிப்பில் எழுதப்படும். செயலி எப்படி நின்றாலும், மறுபடி திறந்தால் நின்ற கேள்வியிலேயே திறக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க அக்காவைக் கேட்டேன். வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்காருவார். செயலியை உடைப்பதுதான் அவர் வேலை. அவர் அதை மிகவும் விரும்பிச் செய்தார். அலுவலகத் தொலைபேசியிலிருந்து தானே அதற்கு அழைப்பு எடுப்பார். கண்டபடி ‘பின்’ அமத்துவார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து குரல் வரும்.

“கழட்டட்டா?”

“கழட்டுங்க அக்கா.”

பேட்டரி மேசையில் விழும் சத்தம் கேட்கும். பிறகு பூட்டித் திறந்து பார்த்து, இருக்கு அல்லது இல்லை என்பார்.

முதல் வாரம் ஒருநாள், பூட்டித் திறந்ததும் நெற்றியைச் சுருக்கினார். “புள்ள, இங்க பாரு. ரெண்டாவது ஆள்ட பேர், முதலாவது ஆள்ட வயசு.” எந்தக் கேள்வியில் நின்றோம் என்பதைச் சேமித்த நான், எந்த ஆளில் நின்றோம் என்பதைச் சேமிக்க மறந்திருந்தேன். இன்னொரு நாள், இறந்துவிட்டார் என்று பிழையாக அமத்திவிட்டு, திரும்பி வந்து வீட்டில் என்று மாற்றினார். அந்த ஆளின் பள்ளிக்கூடம், வகுப்பு, எல்லாம் காணாமல்போயிருந்தன. தேவையில்லாத பதில்களைச் செயலி அழித்துக்கொண்டு போயிருந்தது.

“அழிக்கிறது என்னத்துக்கு? மறைச்சு வைக்க ஏலாதா?” என்றார்.

ஏலும். அப்படியே மாற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு முற்பகலில் பதினோரு தடவை தொடர்ந்து பேட்டரியைக் கழற்றினார். பதினோரு தடவையும் நின்ற இடத்திலேயே திறந்தது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு, “இனி என்னைக் கூப்பிடாத, வேலை கிடக்கு” என்று போனார்.

அந்த நாட்களில் ஒருமுறை, குருமண்வெளித் துறையில் அவரோடு காத்திருந்தேன். மண்டூருக்குப் போகும் பாதை, அதாவது பஸ்ஸையும் சைக்கிளையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றுகிற தட்டையான படகு, அக்கரையில் நின்றது. வாவித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் கேட்காமலேயே அக்கா சொன்னார்.

“எங்கட ராத்தாவும் அவட மகளும் கடலோட போனவங்க. அவங்கட பேரை நான் எத்தினை கொப்பிக்குச் சொன்ன நான் தெரியுமா? முதல் தரம் சொல்ல ஏலாமல் இருந்தது. ரெண்டாம் தரம் அழுதன். மூணாம் தரத்துக்குப் பிறகு வாய் தன்பாட்டுக்குச் சொல்லும். அது நல்லமில்ல புள்ள. அப்படி ஆக விடக்கூடா.”

தமக்கையைக் கடலுக்குக் கொடுத்தவர் சுனாமி முடிந்த கையோடு இந்த வேலைக்கு ஏன் வந்தார் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை. பாதை வந்தது, ஏறினோம்.

புதிய செயலியோடு வெல்லாவெளிக்குப் போனபோது மாரி தொடங்கியிருந்தது. அந்த அம்மாவின் விபரங்களை அக்கா கொப்பியிலிருந்து முன்பே ஏற்றிவைத்திருந்தார். ஆகவே கேட்பதற்கு ஒன்றும் இல்லை. விரிப்பின் கீழே, மழை தட்டும் சத்தத்துக்குள், மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். தொலைபேசியை அந்த அம்மாவிடமே கொடுத்து, எந்தப் பட்டன் முன்னுக்கு, எந்தப் பட்டன் பின்னுக்கு என்று காட்டினேன். ஆங்கில எழுத்திலிருந்த பெயர்களை அக்கா வாசித்துச் சொன்னார்.

அவர் பெருவிரலால் மெதுவாக அமத்திக்கொண்டு போனார். தன் பெயர், கணவர் இறந்த வருடம், மூத்தவன், இரண்டாவது மகள். அந்தத் திரையில் நின்றார். பிறகு பின்னுக்குப் போனார். மறுபடி முன்னுக்கு வந்தார். மகளின் பெயர் அங்கேயே இருந்தது. இப்படி மூன்று நாலு தடவை போய் வந்தார். 

பதினோராவது கேள்வியில் நாலாவது பதிலை வாசித்தார்.

“இதை அமத்தினா, பிறகு மாத்தலாமா?”

“எப்பவும் மாத்தலாம் அம்மா.”

“அவன் வந்தா?”

“வந்த அண்டைக்கே மாத்தலாம்.”

அவரே அமத்தினார். ‘அடுத்து’ வேலை செய்தது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய பதிவு மற்றவற்றோடு சேர்ந்து கொழும்புக்குப் போனது. அவருடைய பெயர் பட்டியலில் வந்தது. கொப்பிகளை என்ன செய்வது என்ற கேள்வி பிறகு எழுந்தது. வீட்டு விபரங்கள் வெளியே கிடக்கக்கூடாது, எரித்துவிடுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அக்கா எரிக்க மாட்டேன் என்றார். அடுத்த சுற்றில் போகும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுடைய பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். சிலர் அதை வாங்கி அடுப்பில் போட்டார்கள். சிலர் அடையாள அட்டையோடு மடித்து வைத்தார்கள். சேர் கண்டும் காணாதவர்போல இருந்துவிட்டார்.

வெல்லாவெளி அம்மாவின் வீடு கட்டி முடிய இன்னும் ஒரு வருடம் பிடித்தது. இரண்டு அறை, ஒரு குசினி, ஓட்டுக் கூரை. குடிபுகுந்த சில நாளில் என்னையும் அக்காவையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனோம். சுவரில் சுண்ணாம்பு வாசம் மாறவில்லை. மகனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று அக்காதான் கேட்டார். இல்லை என்றார். செஞ்சிலுவைக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும், வவுனியா முகாம்களில் தேட ஒருமுறை போய் வந்ததாகவும் சொன்னார். இரண்டாவது அறையைப் பூட்டாமல் வெறுமையாக விட்டிருந்தார். இளைய பிள்ளைகள் அதில் இருந்து படிப்பதாகச் சொன்னார்.

மத்தியானம் புது வீட்டுத் தரையில் வாழையிலை போட்டுப் பரிமாறினார். சிவப்பரிசிச் சோறு, வாவியில் பிடித்த மீன் குழம்பு, பருப்பு, கீரை.

“கோழி அறுக்கத்தான் நினைச்சன்” என்றார் அக்காவிடம். “நீங்க நாங்க அறுத்தது சாப்பிடமாட்டீங்க எண்டு மீனோட விட்டன்.”

“மீன்தான் நல்லம்” என்றார் அக்கா. “இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்க.”

சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் இருவரும் குசினிக்குள் போய் மழைக்காலத்தில் புகை எந்தப் பக்கம் போகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாசற்படியில் இருந்தேன். எதிரே வட்டையில் விதைப்பு முடிந்து நாலு விரல் உயரத்துக்குப் பயிர் எழும்பியிருந்தது. மூன்று மணிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே குரல் கொடுத்தேன். அக்கா குடையைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்.